ஐந்தாம் பாடமே இல்லாத கணக்குப் புத்தகம்: எக்ஸிட்டர் பள்ளியின் கணிதத் திட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனால் நூறு கோடியைத் தொட எவ்வளவு காலம் ஆகும்? அமெரிக்காவில் ஒரு தனியார் பள்ளியில், கணக்கில் அடிப்படை நிலையில் தொடங்கும் பிள்ளை புத்தகத்தைத் திறந்ததும் பார்க்கிற இரண்டாவது கணக்கு இது. முதலில் ஒரு குத்துமதிப்பை நோட்டில் எழுதிவை, அப்புறம் நிதானமாக யோசித்து ஒரு விடைக்கு வா என்று கூடவே சொல்லியிருக்கும். இதற்கு முன்னால் பாடம் என்று எதுவும் இல்லை, எடுத்துக்காட்டுக் கணக்கு இல்லை, கட்டம் கட்டிய சூத்திரம் இல்லை. முதல் கணக்கு, சூரியனிலிருந்து ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது. மூன்றாவது, நிலாவிலிருந்து ஒளி வர ஒன்றேகால் வினாடி ஆகிறது, அப்படியானால் நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. கடைசிப் பக்கம் வரை இப்படித்தான், கணக்குக்கு அடுத்து கணக்கு.

பள்ளியின் பெயர் பிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாடமி. நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் எக்ஸிட்டர் என்ற சிறிய ஊரில் 1781இல் தொடங்கியது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள், ஆயிரத்துக்குச் சற்று மேல் மாணவர்கள், பெரும்பாலோர் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். 1970 வரை ஆண் பிள்ளைகள் மட்டும்தான், அந்த ஆண்டிலிருந்து பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். ஒலிம்பியாட் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் தெரிந்திருக்கும். சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு அமெரிக்க அணியைப் பல ஆண்டுகள் அழைத்துப் போன சூமிங் ஃபெங் இந்தப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஆனால் நான் எழுத வந்தது ஒலிம்பியாட் பிள்ளைகளைப் பற்றி அல்ல. அவர்கள் எங்கே விட்டாலும் படித்துவிடுவார்கள். சாதாரணமாகக் கணக்கு போடுகிற பிள்ளைக்கு இந்தத் திட்டம் என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறவள். என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த சாதாரணப் பிள்ளைகள்தான்.

எக்ஸிட்டர் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் சொல்வது அந்த மேசையை. எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற கொடையாளர், ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் ராக்ஃபெல்லரோடு ஆரம்பத்திலேயே பணம் போட்டவரின் மகன், 1930இல் இந்தப் பள்ளிக்கு 58 லட்சம் டாலர் கொடுத்தார். அவர் கேட்டது கட்டடத்தில் தன் பெயர் வரவேண்டும் என்பதை அல்ல, வகுப்பு நடக்கிற விதமே மாறவேண்டும் என்பதை. பிள்ளைகளும் ஆசிரியரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூச்சப்படுகிற பையனும் பேச வேண்டும், ஆசிரியர் மேடையில் நின்று பாடம் நடத்தக் கூடாது. அன்றைய தலைமை ஆசிரியர் லூயிஸ் பெரியும் ஆசிரியர்களும் சேர்ந்து அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். நீள்வட்ட மேசை, சுற்றிலும் பன்னிரண்டு பேர் போல, அவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் ஆசிரியர். ஹார்க்னஸ் மேசை என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நியூ ஜெர்சியில் உள்ள லாரன்ஸ்வில் பள்ளிக்கும் அவர் இதே போலக் கொடுத்தார்.

இலக்கியத்துக்கோ வரலாற்றுக்கோ மேசை எப்படி உதவும் என்று யாருக்கும் புரியும். ஒரு கவிதையைப் படித்துவிட்டு வந்து ஆளுக்கு ஒன்று சொல்லலாம். கணக்கில் என்ன பேசுவது? இருபடிச் சமன்பாட்டுக்கு மூலம் கண்டுபிடிப்பதைப் பற்றிப் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு கருத்தா இருக்கும்? மேசை மட்டும் வந்து, கையில் பழைய பாடப்புத்தகமே இருந்தால் ஆசிரியர் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துவார், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் மேசையை வைத்து இந்தத் திட்டத்தை விளக்குவது பாதி விளக்கம்தான் என்று நினைக்கிறேன். மேசை வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தப் பள்ளியின் கணித ஆசிரியர்களே பாடப்புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, தாங்களே எழுதிய கணக்குகளை வரிசையாக அடுக்கிப் புத்தகமாக்கினார்கள். உண்மையான மாற்றம் அங்கேதான் நடந்தது. அந்த ஆசிரியர்களில் ஒருவரை நம் ஊர்க் கணக்கு ஆசிரியர்கள் பலரும் தெரியாமலே பயன்படுத்தியிருப்போம். கணினியில் வரைபடம் போட வின்பிளாட் என்று இலவச மென்பொருள் ஒன்று இருந்ததே, அதை எழுதிய ரிச்சர்ட் பாரிஸ் எக்ஸிட்டரில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்.

புத்தகங்களைப் பள்ளியே இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. நிலைவாரியாக ஒவ்வொன்றும் ஒரு பிடிஎஃப், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவ்வப்போது திருத்துகிறார்கள், அதனால் வரிசை எண் மாறியிருக்கலாம். நான் சொல்வதெல்லாம் என்னிடம் இருக்கும் பதிப்பை வைத்து. முதல் பக்கத்தில் மாணவருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை. இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துதான் வரும் என்கிறது. இதில் ஐந்தாம் பாடம் என்று ஒன்று கிடையாது, வட்டத்தின் தொடுகோடுகளுக்கு என்று தனிப் பகுதி கிடையாது என்று நேராகச் சொல்லிவிடுகிறது. முக்கியத் தேற்றங்களைப் பெட்டி போட்டுக் காட்ட மாட்டோம், கணக்குகளைப் போடப் போட அவை உனக்கே தென்படும், நீதான் குறிப்பு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்பக்கத்தில் சொற்களின் பொருளைத் தேட ஒரு பகுதி உண்டு, விடைகள் இல்லை. நீ ஒரு கணக்கில் சிக்கி நின்றால் உன்னைப் போல வேறு சிலரும் சிக்கியிருப்பார்கள், உன் ஆசிரியரும் அதில் ஒருவராக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியருக்கும் தெரியாமல் போகலாம் என்று ஒரு பள்ளி தன் புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுத்திருப்பதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வரிசை எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டுகிறேன். ஆரம்பப் பக்கங்களிலேயே ஒரு கணக்கு வரும். ஒரு கச்சேரிக்கு டிக்கெட் எட்டு டாலர், நான்கு பேர் ஆளுக்கு ஓர் எண்ணிக்கையில் வாங்குகிறார்கள், மொத்த வசூல் என்ன? இதை இரண்டு விதமாகப் போடலாம், கவனித்தாயா என்று ஒரு வரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும் கணக்குதான். ஒவ்வொருவர் கொடுத்த பணத்தையும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டலாம், அல்லது டிக்கெட்டுகளைக் கூட்டிவிட்டு எட்டால் பெருக்கலாம். சரி என்று தாண்டிப் போய்விடுவோம். பக்கத்திலேயே இன்னொரு கணக்கு. கெல்லி என்ற பிள்ளை புரூக்குக்கு ஃபோன் செய்து, நான்கு கூட்டல் மூன்று பெருக்கல் இரண்டு, பதினான்குதானே என்று கேட்கிறது. இல்லை, பத்து என்கிறது புரூக். யாராவது தப்பு செய்தார்களா, இந்த இரண்டு விடையும் எங்கிருந்து வந்தது என்று விளக்கு. நாம் இதை எப்படி நடத்துவோம்? பாட்மாஸ் என்று பலகையில் பெரிதாக எழுதி, முதலில் அடைப்புக்குறி, பிறகு பெருக்கல் வகுத்தல், பிறகு கூட்டல் கழித்தல் என்று சொல்லி, பத்து கணக்கு கொடுத்துவிடுவோம். இங்கே தப்பான விடையைச் சொன்ன கெல்லியின் தலைக்குள் போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள். பதினான்கு வந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்ல முடிந்த பிள்ளைக்கு அடைப்புக்குறி எதற்கு என்பதை நான் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொஞ்சம் தள்ளி இன்னொரு கணக்கு, மெயின் மாநிலத்தில் விற்பனை வரியோடு கோட்டும் பேன்ட்டும் வாங்குகிற பில். அதையடுத்து 'தொடர்ச்சி' என்று போட்டு ஒரு கேள்வி. இந்தப் புத்தகத்தில் அடிக்கடி வருகிற ஒரு சொல் அது. பெருக்கலைக் கூட்டலின் மீது பங்கிடலாம் என்ற பண்பு இங்கேதான் முதல்முறையாகப் பெயரோடு வருகிறது, அதுவும் விதியாக இல்லை. முந்தைய பில்லை இரண்டு வழியில் போட முடிவதற்கு இந்தப் பண்புதான் காரணம், அது எப்படி என்று சொற்களில், முழு வாக்கியங்களில் எழுது என்கிறார்கள். கச்சேரி டிக்கெட்டில் ஏற்கெனவே கையால் செய்து பார்த்த விஷயத்துக்கு இப்போது பெயர் கிடைக்கிறது. நம் புத்தகத்தில் முதலில் பங்கீட்டுப் பண்பு என்று தலைப்பு வரும், பிறகு எழுத்துக்களில் சமன்பாடு, பிறகு எடுத்துக்காட்டு, கடைசியாகப் பயிற்சிக் கணக்கு. பொருள் ஒன்றுதான், வருகிற திசைதான் தலைகீழ். அந்தத் திசை மாற்றத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. பெயர் வருவதற்கு முன்பே பொருள் அதன் கைக்கு வந்துவிட்டது.

இரண்டாம் நிலைப் புத்தகத்தின் முதல் கணக்கு இன்னும் அழகானது. ஐந்துக்கு ஐந்து ஒரு சதுரம், மூன்றுக்கு மூன்று ஒரு சதுரம். இரண்டையும் வெட்டித் துண்டுகளைச் சேர்த்து மூன்றாவதாக ஒரே சதுரம் செய்யலாம், அதன் பக்கம் என்ன? பரப்பைக் கூட்டினால் இருபத்தைந்தும் ஒன்பதும் முப்பத்து நான்கு, ஆகவே பக்கம் √34. இது வரைக்கும் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆனால் கத்தரிக்கோலை எங்கே வைப்பது? இரண்டு சதுரங்களையும் ஒட்டினாற்போல வைத்தால் அடிக்கோடு எட்டு அலகு நீளம். பெரிய சதுரத்தின் வெளி மூலையிலிருந்து மூன்று அலகு தள்ளி அடிக்கோட்டில் ஒரு புள்ளி வை. அங்கிருந்து பெரிய சதுரத்தின் வெளிப்பக்க மேல் மூலைக்கு ஒரு கோடு, சிறிய சதுரத்தின் தூரத்து மேல் மூலைக்கு ஒரு கோடு. இரண்டு கோடும் √34, இரண்டும் செங்குத்தாகச் சந்திக்கின்றன. வெட்டிய இரண்டு செங்கோண முக்கோணங்களையும் திருப்பி மேலே வைத்தால் சதுரம் முழுமையாகிவிடும். அடுத்த கணக்கு 'தொடர்ச்சி': சதுரங்கள் எட்டும் நான்குமாக இருந்தால் புள்ளி எங்கே? அதற்கடுத்து இன்னொரு 'தொடர்ச்சி': எந்த இரண்டு சதுரத்துக்கும் இது நடக்குமா, நடக்கும் என்றால் எழுதி விளக்கு, நடக்காது என்றால் ஓர் எதிர் எடுத்துக்காட்டு கொடு. மூன்றாவதுக்கு விடை எழுதி முடித்த பிள்ளை, தனக்கே தெரியாமல் பித்தாகரஸ் தேற்றத்தை நிரூபித்துவிட்டது.

வகுப்பு நடக்கிற விதம் இதிலிருந்து தானாக வருகிறது. ஏறக்குறைய ஒரு பக்கக் கணக்குகள் வீட்டுவேலை, முந்தின நாள் இரவே போட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். யாரும் இன்னும் சொல்லித்தராத கணக்குகள் அவை என்பதை மறந்துவிடக் கூடாது. வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகள் எழுந்து போய் அறையைச் சுற்றியுள்ள பலகைகளில் ஆளுக்கொரு கணக்கு எழுதுகிறார்கள், முழுசாக வந்ததையும் எழுதலாம், பாதியில் நின்றதையும் எழுதலாம். பிறகு எழுதியவர் விளக்க, மற்றவர்கள் கேட்க, ஒரே கணக்குக்கு இன்னொரு வழி இருந்தால் அதையும் சொல்ல, இப்படியே மணி அடிக்கும் வரை. ஆசிரியர் கேள்வி கேட்பார், பேச்சு திசை மாறினால் இழுத்துப் பிடிப்பார், ஆனால் பாடம் எடுக்க மாட்டார். நம்மிடம் வீட்டுவேலை என்பது இன்று நடத்தியதைத் திரும்பச் செய்வது. அங்கே வீட்டுவேலைதான் பாடத்தின் தொடக்கம், வகுப்பு அதன் மீதிப் பாதி. இந்த ஒன்றைத்தான் நான் அந்தத் திட்டத்தின் அச்சாணி என்று சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கருத்து ஒரு பக்கத்தில் தலைகாட்டி, பத்துப் பக்கம் தள்ளி மறுபடி வந்து, நாற்பது பக்கம் கழித்துதான் பெயர் பெறுகிறது என்றால், நடுவில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்த பிள்ளை எங்கே பிடித்து ஏறும்? நம் புத்தகத்தில் என்றால் பயிற்சி 3.4ஐப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடலாம். அங்கே அப்படிக் கை காட்ட ஓர் இடம் இல்லை, அந்தப் பிள்ளையின் நோட்டுதான் அதன் பாடப்புத்தகம், நோட்டில் ஓட்டை விழுந்தால் யாராவது கூட உட்கார்ந்துதான் அடைக்க வேண்டும். ஒரே மாதிரிக் கணக்கு இருபது போட்டுக் கை பழகுவதும் இதில் குறைவு. பின்னமும் காரணிப்படுத்தலும் விரல் நுனிக்கு வர இருபது கணக்கு போடத்தான் வேண்டும் என்று நான் இன்னமும் நம்புகிறேன், அதில் எக்ஸிட்டரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெளியே ஏற்கெனவே படித்துவிட்டு வருகிற பிள்ளை மேசையில் விடையை உடைத்துவிட்டால் மற்ற பதினோரு பேரின் தேடல் அந்த நிமிடத்தோடு முடிந்துபோகும். பேசாமலே ஒரு பருவத்தை ஓட்டிவிடக்கூடிய பிள்ளையும் எந்த மேசையிலும் உண்டு.

பணம் இருக்கிறது, அதைப் பேசாமல் போனால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது. ஒரு மேசைக்குப் பன்னிரண்டு பேர் என்றால் எத்தனை மேசை, எத்தனை அறை, எத்தனை ஆசிரியர்? 1930இல் வந்த அந்தத் தொகை அடிப்படையில் வாங்கியது இந்தப் பன்னிரண்டு என்ற எண்ணைத்தான். இன்று பள்ளியின் அறக்கட்டளை நிதி 100 கோடி டாலருக்கு மேல். குடும்ப வருமானம் 75 ஆயிரம் டாலருக்குக் கீழே இருந்தால் கட்டணமே இல்லை என்று 2007இல் அறிவித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அந்த நிதி பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் போகவில்லை. ஆனாலும் என் வகுப்பில் ஒரு செக்ஷனுக்கு நாற்பத்தாறு பேர். நாற்பத்தாறு பேரைச் சுற்றி உட்கார வைக்க மேசை கிடையாது. மேசைக்குக் காசு வேண்டும், ஆனால் வரிசை இலவசம். அந்த எண்ணத்தில்தான் சனிக்கிழமை மதியம் வர விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். மார்க் கிடையாது, டெஸ்ட் கிடையாது, போர்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொல்லிவிட்டேன். எட்டுப் பேர் வந்தார்கள்.

முதல் சனிக்கிழமை நூறு கோடி கணக்கு. கணக்கைத் தமிழில் பலகையில் எழுதிவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். குத்துமதிப்பு என்று ஒருவன் ஒரு மாதம் எழுதினான், இன்னொருத்தி பத்து வருடம் எழுதினாள். வேகமாகப் போடுகிற பையன் ஒருவன், ஓர் எண்ணுக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு 3 கோடியே 15 லட்சத்து 36 ஆயிரம் வினாடி, ஆக 31 வருடம் 8 மாதம் போல வரும் என்று பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தான். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழக்கம். அப்போது வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை, "டேய், 32,45,67,891 சொல்லு, ஒரு வினாடில சொல்லு" என்றாள். அவன் முப்பத்திரண்டு கோடியே நாற்பத்தைந்து லட்சத்து அறுபத்தேழாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று என்று சொல்லி முடிக்க ஆறு வினாடி ஆனது, மணி பார்த்தது இன்னொருவன். அறை ஒரு நொடி அமைதியாகி, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆரம்பத்து எண்ணெல்லாம் சீக்கிரம் போய்விடுமே என்றான் ஒருவன். அது எத்தனை எண் என்று கேட்டாள் அவள். எண்ணிப் பார்த்தால் நூறு கோடியில் தொண்ணூறு கோடி எண்கள் ஒன்பது இலக்கம், சீக்கிரம் போகிறவை பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஐந்து வினாடி என்றால் 158 வருடம், ஆறு என்றால் 190. எதை வைப்பது என்று பத்து நிமிடம் வாதாடினார்கள். ஆங்கிலத்தில் சொன்னால் குறையுமா என்று அதையும் சொல்லிப் பார்த்தார்கள், பெரிதாகக் குறையவில்லை.

சராசரி, இலக்க மதிப்பு, அலகு மாற்றம், தோராயம் எல்லாம் அந்த நாற்பது நிமிடத்துக்குள் வந்து போய்விட்டது. நான் எதற்கும் பெயர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நான் ஒரு தவறு செய்தேன். பேஸ்பால் பந்து மணிக்கு 90 மைல் வேகத்தில் 60 அடி 6 அங்குலம் கடக்க எவ்வளவு நேரம் என்ற கணக்கு. பேஸ்பால் இவர்களுக்கு எதற்கு என்று நானே கிரிக்கெட்டுக்கு மாற்றி, மணிக்கு 140 கிலோமீட்டர், பிட்ச் 22 கெஜம் என்று கொடுத்துவிட்டு, அவர்கள் யோசிப்பதற்குள் மணிக்குக் கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக்க ஐந்தின் கீழ் பதினெட்டு என்றும் சொல்லிவிட்டேன். வருடக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய், அடக்க முடியவில்லை. எல்லோரும் ஐந்தின் கீழ் பதினெட்டால் பெருக்கினார்கள், அரை வினாடி வந்தது, எழுதினார்கள், முடிந்தது. பேச்சே இல்லை. அந்த அமைதி எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. கிளம்பும் நேரத்தில் ஒரு பையன் வந்து, "மிஸ், பவுலர் ஸ்டம்ப்லேர்ந்து போடமாட்டான், கிரீஸ்லேர்ந்துதான் போடுவான், பேட்ஸ்மேனும் ஸ்டம்ப்ல நிக்கமாட்டான்" என்றான். கிரீஸுக்கும் கிரீஸுக்கும் 58 அடிதான். அதைப் போட்டால் 0.45 வினாடி, பேஸ்பால் கணக்கில் வருவதும் கிட்டத்தட்ட அதேதான். அவன் அதை வகுப்பிலேயே சொல்லியிருப்பான், நான் சூத்திரத்தைத் தூக்கிப் போட்டதில் அந்த இடம் மூடிப்போயிருந்தது.

அதிலிருந்து ஒன்று வைத்துக்கொண்டேன். கணக்கை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவது, யாராவது நேராக என்னிடம் கேட்டால்கூட முதலில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கச் சொல்வது. கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை தப்பான வழியில் ஐந்து நிமிடம் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, எங்கள் வேலையில் யாரும் பழகாத ஒன்று. நாற்பது நிமிட பீரியடில் இரண்டு ஐந்து மார்க் கணக்கை முடித்தாக வேண்டும் என்ற ஓட்டத்தில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதே இல்லை, அதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்லியும் பயன் இல்லை.

சதுரம் வெட்டுகிற கணக்குக்கு சார்ட் பேப்பர் வாங்கி வந்தேன், இரண்டு வாரம் ஓடியது. அதற்கடுத்து அதே பக்கங்களில் வருகிற வயல் கணக்கு. செவ்வக வயலின் இரண்டு பக்கமாகச் சுற்றி நடக்காமல் ஒருத்தி குறுக்கே மூலைவிட்டத்தில் நடக்கிறாள், அதனால் நீளமான பக்கத்தில் பாதி தூரம் அவளுக்கு மிச்சமாகிறது. குட்டைப் பக்கம் 156 மீட்டர், நீளப் பக்கம் என்ன? நான்கு பேர் சமன்பாடு எழுதி 208 கொண்டுவந்தார்கள், மூலைவிட்டம் 260. மூன்று பேர் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து அதே 208க்கு வந்தார்கள். நூறு கோடி கணக்கில் வாய் திறந்த அதே பெண் பிள்ளைதான், 156, 208, 260 மூன்றையும் 52ஆல் வகுத்து 3, 4, 5 என்று பலகையில் எழுதினாள். அப்படியானால் 156க்குப் பதில் எந்த எண் கொடுத்தாலும் இதே வடிவம்தானே வரும் என்று கேட்டாள். வரும் என்று காட்ட அவர்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

புத்தகம் அத்தோடு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. இவர்கள் போகவில்லை. பாதி மிச்சமாகாமல் மூன்றில் ஒரு பங்கு மிச்சமானால் என்று ஒருவன் கேட்டான், போட்டுப் பார்த்தால் 5, 12, 13 வந்தது. நான்கில் ஒரு பங்கு என்றால் 7, 24, 25. பலகையில் மூன்று வரிசையும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது. 3, 5, 7 என்று முதல் எண்கள் போவதைப் பார்த்து, ஐந்தில் ஒரு பங்குக்கு முதல் எண் 9 என்று ஒருவன் கத்தினான், மீதி இரண்டு எண் என்ன என்று மற்றவர்கள் கேட்டதற்கு அவனுக்குத் தெரியவில்லை. வேன் வந்துவிட்டது. பலகையை யாரும் அழிக்கக் கூடாது என்று மூலையில் எழுதிவிட்டுப் போனார்கள், திங்கட்கிழமை காலை நான் வகுப்புக்குள் போனபோது 9க்குப் பக்கத்தில் 40, 41 என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.